சாவி எந்தப் பக்கம்

சந்தியாகப்பன் தினமும் காலையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார். டீ குடித்தாயா, ஊரில் பிள்ளைகள் சௌக்கியமா என்றெல்லாம் இல்லை. சங்கு அறைக் கதவைத் திறந்துவிட்டு, சுவரைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, “பாய், சாவி எந்தப் பக்கம் கீது? நீ பாத்துச் சொல்லு” என்பார். வலது பக்கம்தான், போட்டுத்தான் இருக்கிறது என்பேன். நன்றாகப் பார்த்தாயா என்பார். பார்த்தேன் என்பேன். அதற்குப் பிறகுதான் அவர் கண் சுவர்ப் பக்கம் திரும்பும்.

நான் நசருல்லா, வாணியம்பாடிக்காரன். ஜவ்வாது மலையில் படவேட்டுக்கு மேலே, ஒரு கானாறு கீழே இறங்கும் இடத்தில், வெள்ளத்தை முன்கூட்டிச் சொல்வதற்காக மெட்ராஸ்காரர்கள் ஒரு சின்ன நிலையம் வைத்திருந்தார்கள். அங்கே கரண்டுக்காக டீசல் இன்ஜின் ஓட்டுவது என் வேலை. எனக்குக் கோபம் மூக்குமேல் இருக்கும் என்று வீட்டில் ஜோஹராவும் சொல்வாள், டீக்கடையிலும் சொல்வார்கள். ஒன்றையே இரண்டாம் தரம் கேட்டால் கடித்துவிடுவேன். ஆனால் இந்தக் கேள்விக்கு மட்டும் நான் ஒருநாளும் எரிந்து விழுந்ததில்லை. ஏன் என்று தெரிந்தால் உங்களாலும் விழ முடியாது.

சந்தியாகப்பன் அடிவாரத்துக் கிறிஸ்தவர். மீசை முளைப்பதற்கு முன்பே மாதா கோயில் மணிக்கயிறு அவர் கைக்கு வந்துவிட்டது. கல்யாணத்துக்கு ஒரு மாதிரி, சாவுக்கு ஒரு மாதிரி, பூசைக்கு ஒரு மாதிரி அடிப்பாராம். வயலில் நிற்கிறவர்கள் மணியைக் கேட்டே யார் வீட்டில் என்ன என்று தெரிந்துகொள்வார்களாம். எழுபதுகளில் நிலையம் வந்தபோது, ஓடையைப் பார்த்துக்கொண்டிருக்க நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று பங்குச் சாமியாரைக் கேட்டார்கள். சாமியார் யோசிக்கவே இல்லை, இவரைக் கைகாட்டினார்.

வேலை என்னவென்றால், ஓடையில் ஒரு பாறையில் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் திடுமென்று வந்துவிடும். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டதும் கையால் சுற்றும் சங்கை இவர் சுற்ற வேண்டும். சத்தம் கேட்டால் யாரும் ஓடையில் இறங்கக்கூடாது. அவ்வளவுதான். மழைக்காலத்தில் ஓடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் சாப்பிட்டுக்கூட நான் பார்த்ததில்லை.

அவர் மனைவி மார்த்தாள் நேர்மாறு. அவர் நாலு வார்த்தை பேசினால் அந்த அம்மா நாற்பது பேசும். நெல்லிவாசல்நாட்டுக் குக்கிராமங்களுக்கு நடந்தே போய் நெல்லிக்காய், புளி, தேன் எல்லாம் வாங்கித் தலைச்சுமையாய்க் கொண்டுவந்து, பஸ் பிடித்துக் கண்ணமங்கலத்தில் விற்கும். போகிறபோதும் வருகிறபோதும் எங்கள் ஓடையைத் தாண்டித்தான் ஆகவேண்டும். நிலையத்துப் பக்கம் வரும்போதெல்லாம் எனக்கு ஒரு கை நெல்லிக்காய் கொடுத்துவிட்டு, புருஷனைப் பார்த்து, ஊருக்கெல்லாம் சங்கு ஊதுகிற மனுஷன் வீட்டில் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார், நீயாவது சொல்லு பாய் என்று கேலி செய்யும். அவர் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்வார். எனக்குச் சிரிப்பு அடங்க நேரமாகும்.

எண்பத்தாறில் கம்ப்யூட்டர் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் பஞ்சாட்சரம் சார். மெட்ராஸில் படித்த இளைஞர், கண்ணாடி போட்டவர், மனதில் கள்ளம் இல்லாதவர். ஓடையின் மேல்கையில், தண்ணீர் இறங்கி வருகிற பக்கம், ஒரு கம்பம் நட்டு, அதில் ஒரு மிதவையும் பேட்டரியும் வைத்தார். தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும். அங்கிருந்து இரண்டு கம்பிகள் நிலையத்துக்கு வந்தன. ஒன்றில் மிதவையின் மின்சாரம், இன்னொன்றில் பேட்டரியின் மின்சாரம். பேட்டரி சோர்ந்துபோனாலும் கணக்குத் தப்பக்கூடாது என்பதற்காக, முதல் கம்பியில் வருவதை இரண்டாம் கம்பியில் வருவதால் வகுத்து, கம்ப்யூட்டர் தண்ணீரின் உயரத்தைக் கண்டுபிடிக்கும். எல்லையைத் தாண்டினால் தானே மின்சாரச் சங்கை ஊதிவிடும். நடுவில் சுவரில் திருகுகிற சுவிட்சு ஒன்று, அதைத்தான் சாவி என்போம். வலது பக்கம் திருப்பியிருந்தால் சங்கு ஊதும், இடது பக்கம் திருப்பிவிட்டால் ஊதாது. மெஷினைப் பழுது பார்க்கும்போது தவிர அந்தச் சாவியை அணைக்கக்கூடாது என்பது கட்டளை.

கையால் சுற்றும் சங்கை ஜீப்பில் ஏற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இனி எதற்கு என்றார்கள். பாறைச் சிவப்புக் கோட்டுக்கு யாரும் மறுபடி வர்ணம் அடிக்கவில்லை. சந்தியாகப்பனுக்கு அந்தச் சாவிக்குக் காவல் இருப்பதுதான் வேலை என்று ஆகிவிட்டது. ஜனங்களும் ஓடையைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். முன்பெல்லாம் கரையில் நின்று தண்ணீரின் நிறம் பார்ப்பார்கள், நுரை பார்ப்பார்கள். இப்போது காதைக் கொடுப்பார்கள். சங்கு ஊதவில்லையா, இறங்கு என்று ஆகிவிட்டது.

அடுத்த வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை. வியாழன் சாயங்காலப் பூசையிலிருந்து ஞாயிறு பிறக்கும்வரை கத்தோலிக்கர்கள் கோயில் மணி அடிக்கமாட்டார்கள். மரக்கட்டையைத் தட்டித்தான் ஜனங்களைக் கூப்பிடுவார்கள். சேசு சாமி இறந்த துக்கம், அதற்கு ஊரே வாய்மூடி இருக்க வேண்டும் என்று சந்தியாகப்பன் எனக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறார். அந்த மூன்று நாளும் அவர் கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்துவார். அப்பேர்ப்பட்ட நாளில், காய்ந்து கிடந்த ஓடைக்கு மேலே, குரங்குகள் தொங்கி விளையாடி இரண்டு கம்பியையும் அறுத்துவிட்டன. சங்கு பிடித்துக்கொண்டது.

நிறுத்தவே இல்லை. அடிவாரத்தில் சிலுவைப்பாதை நடந்துகொண்டிருந்தது. முதலில் இரண்டு பேர் மேலே வந்தார்கள், பிறகு பத்துப் பேர் வந்தார்கள். செருப்புக்கூட நனையாத ஓடையில் வெள்ளமா என்று கேலி செய்தார்கள், பிறகு திட்டினார்கள். மணிக்கயிறு பிடித்த நீயே இப்படிச் செய்யலாமா, அந்தச் சாவியைத் திருப்பிவிடு என்றார்கள். அவர் திருப்பவில்லை. கோடையிலும் திடீர் மழை வரும், கட்டளை கட்டளைதான் என்று சுவருக்கு முன்னால் நின்றுகொண்டார். ஆனால் அவர் கண் கலங்கிவிட்டது. அன்றைக்குப் பஞ்சாட்சரம் சார் நிலையத்தில் இருந்தார். அவரிடம் போய்க் கும்பிட்டு, “சாவியத் தொடமாட்டேன் சார். ஆனா அதச் சும்மா இருக்கச் சொல்ல முடியாதுங்களா? இன்னைக்கு ஒரு நாளைக்கு?” என்று கேட்டார்.

சார் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுதிவைத்த வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதில் ஒரு வரி, ‘உயரம் எல்லைக்குக் கீழே இல்லையென்றால் ஊது’ என்று இருந்தது. இப்படிச் சுற்றி வளைத்து எழுதியிருக்கிறேனே என்று தன்னையே நொந்துகொண்டு, ‘உயரம் எல்லையைத் தொட்டாலோ தாண்டினாலோ ஊது’ என்று நேராக மாற்றி எழுதினார். நீங்களே சொல்லுங்கள், இரண்டும் ஒன்றுதானே? கீழே இல்லை என்றால் தொட்டிருக்கிறது, இல்லாவிட்டால் தாண்டியிருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட அப்படித்தான் சொல்லும். மாற்றி ஓட்டியதும் சங்கு சட்டென்று நின்றுபோனது. கம்பி அறுந்தது அறுந்தபடியேதான் கிடந்தது.

அப்பாடா என்று இருந்தது எல்லோருக்கும். எனக்கும்தான். ஏன் நின்றது என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. சாரின் கையைப் பிடித்துச் சந்தியாகப்பன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மறுநாள் கம்பியை ஒட்டவைத்தோம், கதை முடிந்தது என்று நினைத்தோம்.

கார்த்திகை மாதத்து மழை. பகல்தான், ஆனால் விளக்கு வைத்த நேரம்போல் இருண்டு கிடந்தது. நான் இன்ஜின் கொட்டகையில் இருந்தேன். இன்ஜின் சத்தமும் தகரத்தின்மேல் மழைச் சத்தமும் சேர்ந்து வேறு எதுவும் காதில் விழவில்லை. எதற்கோ வெளியே எட்டிப் பார்த்தால், சங்கு அறையில் சந்தியாகப்பன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறார். ஓடிப்போய்ப் பார்த்தேன். சாவியை வலது பக்கம் திருப்புகிறார், இடது பக்கம் திருப்புகிறார், மறுபடி வலது, மறுபடி இடது. விரலில் ரத்தம். சங்கு வாயே திறக்கவில்லை. கீழே ஓடைப் பக்கமிருந்து பொம்பளைகள் அலறுகிற சத்தம் வந்தது.

மார்த்தாளோடு மலையிலிருந்து சுமையோடு இறங்கியவள் மங்கம்மாள். அவளுக்குச் சும்மாடு நழுவி, அதைக் கட்டிக்கொள்ளக் கரையிலேயே நின்றுவிட்டாள். அதனால் பிழைத்தாள். தண்ணீர் கலங்கலாய் இருக்கிறதே, கொஞ்சம் நின்று போவோம் என்று அவள்தான் சொன்னாளாம். மார்த்தாள் சிரித்துவிட்டு, “எங்க வூட்டுக்காரு மேல கீறாரு. தண்ணி வந்தா ஊதாம இருப்பாரா? வாடி” என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறது. மேல்கையில் கம்பத்தையே அடியோடு பிடுங்கிக்கொண்டு வெள்ளம் அப்போது வந்துகொண்டிருந்தது.

கீழே கரும்புத் தோட்டத்து ஓரமாக உடம்பு கிடைத்தது. அதற்கு மேல் அதைப்பற்றி நான் எழுதமாட்டேன்.

மங்கம்மாள் சொன்ன அந்தக் கடைசிப் பேச்சு ஊரெல்லாம் பரவியது. பரவி, அவர்கள் மகள் பிலோமினாளின் காதுக்கும் போனது. இருபது வயசுப் பெண், ஒரே பிள்ளை. அடக்கம் முடிந்ததும் கண்ணமங்கலத்தில் சித்தி வீட்டுக்குப் போய் அங்கேயே தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டது. அப்பனோடு பேச்சை நிறுத்திவிட்டது. கோயிலில் பார்த்தால் கண்ணைத் திருப்பிக்கொள்ளும். பெரிய வெள்ளியன்று சங்கை நிறுத்தச் சொல்லி இவர் கும்பிட்டுக் கேட்டதைப் பத்துப் பேர் பார்த்திருந்தார்கள் அல்லவா? அன்றைக்குச் சத்தம் வேண்டாம் என்றவன், அப்புறம் மெதுவாகச் சாவியை அணைத்தே வைக்கப் பழகிவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள். யார் வாயை மூட முடியும்?

விசாரணைக்கு மெட்ராஸிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். வெள்ளத்தோடு போன கம்பத்துக்குப் பதிலாக நிலையத்துக்குள்ளேயே ஒரு மிதவையையும் பேட்டரியையும் வைத்து, பேட்டரிக் கம்பியைப் பிடுங்கிப் பார்த்தார். சங்கு பிளிறியது. பார்த்தீர்களா, கம்பி அறுந்தாலும் மெஷின் ஊதத்தான் செய்கிறது என்றார். பிறகு திரும்பிச் சாவியைப் பார்த்தார், சந்தியாகப்பனைப் பார்த்தார். அன்றைக்குச் சாவி எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டார். நான் குறுக்கே புகுந்து, அவர் எல்லாப் பக்கமும் திருப்பினார், நான் கண்ணால் பார்த்தேன் என்றேன். நீ வந்தபோது திருப்பிக்கொண்டிருந்தார் சரி, முதலில் எந்தப் பக்கத்திலிருந்து திருப்ப ஆரம்பித்தார் என்று கேட்டார். எனக்குத் தெரியாது. சந்தியாகப்பனைக் கேட்டார். அவர் தன் கையைப் பார்த்துவிட்டு, ஞாபகம் இல்லைங்க என்றார்.

வலது பக்கம் என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! யார் மறுக்கப் போகிறார்கள்? அந்த மனிதருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை, அதுதான் விஷயம். பதற்றத்தில் பலமுறை திருகியதால் முதலில் இருந்த இடம் மனதிலிருந்து அழிந்துபோயிருந்தது. ஊழியரின் கவனக்குறைவு இருக்கலாம் என்று எழுதிவிட்டு அதிகாரி ஜீப் ஏறினார். இருக்கலாமாம். இருக்கிறது என்றால் சண்டை போடலாம், இல்லை என்றால் நிம்மதியாய்ப் படுக்கலாம். இந்த இருக்கலாமை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன செய்வான்?

அதற்குப் பிறகுதான் அந்தக் காலைக் கேள்வி ஆரம்பித்தது. தன் கண்ணையும் கையையும் அவர் நம்புவதை விட்டுவிட்டார். சாப்பிடும்போது சோற்றைப் பிசையாமல் விரல் காற்றில் திருகிக்கொண்டிருக்கும், வலது, இடது, வலது. மழை தூறினால் போதும், சங்கு கேட்குது பாய் என்று எழுந்துவிடுவார். சங்கு ஊமையாய்த்தான் இருக்கும். மங்கம்மாளும் மழை பெய்தால் தனக்குச் சங்குச் சத்தம் கேட்பதாகச் சொல்லிக்கொண்டு வீட்டை விட்டு வெளியே வரமாட்டாள். பேயாவது பிசாசாவது, புத்தி கெட்ட ஜனங்கள் என்று நான் கத்துவேன். ஒருநாள் இன்ஜினை அணைத்துவிட்டுத் தூறலில் நிற்கும்போது எனக்கே கேட்டது. கேட்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். அறைக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சத்தமும் இல்லை.

பனி விலகுகிற சமயத்தில் புதுக் கம்பம் வந்தது. பஞ்சாட்சரம் சாரும் வந்தார். விசாரணை நடந்தபோது அவரை வேறு ஊருக்கு அனுப்பியிருந்தார்கள், அதனால் சாவி விஷயமே அவருக்கு அரைகுறையாய்த்தான் தெரியும். கம்பம் நடுவதற்கு முன்பே, கம்பி இரண்டும் சுருளாய்த் தரையில் கிடக்கும்போதே, மெஷினைப் போட்டுப் பார்க்கலாம் என்று போட்டார். திரை எரிந்தது. நான் இன்ஜின் எண்ணெயைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். சந்தியாகப்பன் உள்ளே ஸ்டூலில் இருந்தவர் மெதுவாக எழுந்தார்.

“ஊதலையே, சார்” என்றார்.

கம்பமே நடவில்லையே, எப்படி ஊதும் என்றார் சார். சந்தியாகப்பன் தலையை ஆட்டினார். பெரிய வெள்ளியன்று இதேபோல இரண்டு கம்பியும் இல்லை, அன்றைக்கு நிறுத்தாமல் ஊதியது, இன்றைக்கு ஏன் ஊதவில்லை என்று கேட்டார். அவர் சாமர்த்தியமாய்க் கேட்கவில்லை. அந்தச் சத்தத்தை ராப்பகலாய் நினைத்துக்கொண்டிருக்கிறவர், அதனால் கேட்டார். சார் திரைப் பக்கம் குனிந்தார்.

திரையில் உயரம் வரவேண்டிய இடத்தில் எண் இல்லை. எண் அல்ல என்பதற்கான ஒரு குறிதான் இருந்தது. சார் அதைத் தனக்குத்தானே பேசுவதுபோல எங்களுக்குச் சொன்னார். பேட்டரிக் கம்பி மட்டும் அறுந்தால் ஏதோ ஒரு எண்ணைச் சைபரால் வகுக்கிறோம், விடை எல்லையே இல்லாத பெரிசு என்று மெஷின் எடுத்துக்கொள்ளும், அது எந்த எல்லையையும் தாண்டியதுதான், அதனால் சங்கு ஊதும். அதிகாரி செய்து பார்த்தது அதைத்தான். இரண்டும் போய்விட்டால் சைபரைச் சைபரால் வகுக்கிறோம். அதற்கு விடையே கிடையாது. பழைய மெஷினாய் இருந்தால் பிழை என்று நின்றுபோயிருக்கும். இதில் கணக்குப் போடுகிற புதுச் சில்லு நிற்காது, எண் அல்லாத அந்த ஒன்றை எண் மாதிரியே தூக்கிக்கொண்டு கணக்கைத் தொடரும்.

பிறகு அவர் விசைப்பலகையில் ஒவ்வொரு கேள்வியாகத் தட்டிப் பதிலை வாய்விட்டுப் படித்தார். இது எல்லையைவிடப் பெரிசா? இல்லை. சிறிசா? இல்லை. சமமா? இல்லை. சைபரைவிடப் பெரிசா? இல்லை. எதைக் கேட்டாலும் இல்லை. கடைசியாக, இது இதுவேதானா என்று அதையே அதோடு ஒப்பிட்டுக் கேட்டார். அதற்கும் இல்லை என்று வந்தது. அவர் வேறொரு கம்ப்யூட்டர் மொழியிலும் அதையே எழுதி ஓட்டிப் பார்த்தார். அந்த மொழியில் அது எல்லாவற்றுக்கும் சமம் என்றது. ஒரே மெஷின், ஒரே சில்லு, கேட்கிற மொழி மாறினால் பதிலும் மாறுகிறது. நான் மனதுக்குள் தவ்பா தவ்பா என்று சொல்லிக்கொண்டேன்.

சந்தியாகப்பன் திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து அந்தக் குறியைப் பார்த்தார்.

“அன்னைக்கு இங்க உக்காந்துகினு இருந்தது இதுதானா, சார்?”

சார் ஆமாம் என்றார். மிதவை ஏறுவதற்குள் வெள்ளம் கம்பத்தையே பிடுங்கியதும் இரண்டு கம்பியும் ஒன்றாகப் போயிருக்கும். முதலில் எழுதியிருந்த வரி, கீழே இருக்கிறதா என்று கேட்டது, இல்லை என்று பதில் வந்தது, இல்லையென்றால் ஊது என்று இருந்ததால் ஊதியது. தான் மாற்றிய வரி, தாண்டிவிட்டதா என்று கேட்கிறது, அதற்கும் இல்லை என்றுதான் பதில். அதனால் சும்மா இருந்துவிட்டது. எண்ணாக இருக்கும்வரை இரண்டு வரியும் ஒன்று. எண் அல்லாதது வந்தால் ஒன்று அலறும், ஒன்று வாயை மூடிக்கொள்ளும். சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார்.

“அப்ப சாவி?” என்றார் சந்தியாகப்பன்.

வலது பக்கம் இருந்திருந்தாலும் ஊதியிருக்காது, இடது பக்கம் இருந்திருந்தாலும் ஊதியிருக்காது, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார் சார். எனக்கு நெஞ்சு ஆறியது. அவர் முதுகில் தட்டி, போதுமாண்ணா, இனிமேலாவது நிம்மதியாய்ச் சாப்பிடுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “நான்தானே சார் கேட்டேன், அதச் சும்மா இருக்கச் சொல்லி” என்றார்.

கை தப்பித்தது, வாய் மாட்டிக்கொண்டது. கையும்கூட முழுசாய்த் தப்பிக்கவில்லை. அன்றைக்குச் சாவி எந்தப் பக்கம் இருந்தது என்பது யாருக்கும் இனி தெரியப்போவதில்லை. மறுநாள் காலையில் அறைக் கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார். வலது பக்கம்ணா என்றேன்.

பஞ்சாட்சரம் சாரைச் சும்மா சொல்லக்கூடாது. அன்றைக்கே பழைய வரியைத் திரும்பப் போட்டார். அதற்கு மேலே இன்னொரு வரியும் சேர்த்தார்: உயரம் தனக்கே சமமில்லை என்றால் ஊது. பிறகு பஸ் ஏறிக் கண்ணமங்கலம் போனார், தையல் கடையில் பிலோமினாளைப் பார்த்து, என்ன நடந்தது, எந்த வரியைத் தான் மாற்றியது, எதற்காக மாற்றியது என்று ஒளிக்காமல் சொன்னார். அப்பன் கேட்டுக்கொண்டதால்தானா என்று மட்டும் அந்தப் பெண் கேட்டதாம். அவர் கேட்டது சத்தத்தை நிறுத்த, தப்பாக நிறுத்தியது நான் என்றாராம் சார். அது தையல் மெஷினில் தைத்துக்கொண்டே இருந்ததாம். சந்தியாகப்பனிடம் இதைச் சொன்னபோது, தைத்துக்கொண்டா இருந்தது என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுபடி பெரிய வெள்ளி வந்தது. அன்று சந்தியாகப்பன் லீவு போட்டுவிட்டுச் சிலுவைப்பாதைக்குப் போயிருந்தார். நானும் இன்ஜினை ஓடவிட்டுவிட்டு இறங்கியிருந்தேன், ஜும்மா தொழுகை முடித்துவிட்டு வரும் வழியில் அடிவாரத்தில் ஒரு வேலை இருந்தது. கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். மரக்கட்டை தட்டுகிற சத்தமும் ஜெபமும் தவிர வேறு சத்தமில்லை. ஆண்கள் பக்கம் கடைசியில் அவர் முழங்காலில் இருந்தார். பெண்கள் பக்கம் பிலோமினாள், முக்காடு போட்டுக்கொண்டு.

மேலே சங்கு பிடித்துக்கொண்டது.

மழையில் எங்களுக்குக் கேட்கும் அந்த இல்லாத சங்கு அல்ல, நிஜச் சங்கு. மலையிலிருந்து இறங்கி வயல் முழுக்கப் பரவியது. ஜெபம் நின்றுபோனது. போன வருஷம் திட்டியவர்கள் எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். சந்தியாகப்பன் எழுந்தார். எழுந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். அவர் வலது கை விரல்கள் திருகத் தொடங்கியிருந்தன. யாராவது ஒருத்தன் அதை நிறுத்து என்று மட்டும் சொல்லட்டும், பல்லை உடைத்துவிடுகிறேன் என்று நினைத்தேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து பிலோமினாள் எழுந்து வந்தது. நேராக அவர் எதிரே நின்று, திருகிக்கொண்டிருந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டது.

“நைனா, போய்க் கம்பியப் பாரு” என்றது. “அதுக்குத் தெரியலன்னா கத்தட்டும். நான் ஓடைகிட்ட நின்னு யாரையும் இறங்காம பாத்துக்கறேன்.”

அவர் தலையை ஆட்டினார். நானும் அவரும் ஏறினோம். வழியெல்லாம் அது கத்திக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தேன். ஓடைக் கரையில் அந்தப் பெண் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றது, பக்கத்தில் மங்கம்மாள், அவர்களுக்குப் பின்னால் ஊர் ஜனம். காய்ந்த ஓடைதான். ஆனாலும் ஒருத்தரும் இறங்கவில்லை. வழக்கம்போலக் குரங்குகள்தான், இரண்டு கம்பியையும் அறுத்துப் போட்டிருந்தன.

நிலையத்துக்கு வந்ததும் அவர் அறைக் கதவைத் திறந்தார். நான் பழக்கத்தில் சுவரைப் பார்த்துப் பதிலை வாயில் தயாராய் வைத்துக்கொண்டேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. நேராகச் சாவியையே பார்த்துக்கொண்டு, சங்குச் சத்தத்துக்கு மேலே எனக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“போட்டுத்தான் கீது, பாய்.”

சொல்லிவிட்டுக் கம்பி ஒட்டுகிற சாமான்களை எடுத்துக்கொண்டு நடந்தார்.